ரியாத்தில் பணிபுரிந்த முஸ்லிம் பெண்கள்: "நம் மார்க்கம்தானே, உங்களுக்கென்ன சிரமம்?"

துப்பட்டி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் வணக்கம்.

என் தங்கையின் மகள் மயக்கவியலில் மேற்படிப்பை முடித்திருக்கிறாள். ரியாத் மருத்துவமனை ஒன்றிலிருந்து அவளுக்கு வேலை வந்திருக்கிறது. சான்றிதழ்கள் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சரிபார்ப்புக்குப் போயிருக்கின்றன. "பெரியும்மா, நீங்கள் அங்கே இருந்தவர்கள்தானே, எப்படியிருக்கும் என்று சொல்லுங்கள்" என்று போன வாரம் கேட்டாள். நான் 2005 முதல் 2009 வரை அந்த நகரத்தில் இதே துறையில் மருத்துவராக இருந்தவள். பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான், இத்தனை ஆண்டுகளில் யாரிடமும் அதை முழுதாகச் சொன்னதில்லை என்பது தெரிந்தது. ஊரில் வாய் திறந்தால், "நம் மார்க்கம்தானே, ஐந்து வேளையும் பாங்கு கேட்கிற நாட்டில் உங்களுக்கென்ன சிரமம்?" என்பார்கள். பிற மதத்து நண்பர்களிடம் சொன்னாலோ, நான் பாதி சொல்வதற்குள் என் மார்க்கத்தையே கூண்டில் ஏற்றிவிடுவார்கள். இரண்டுக்கும் பயந்து பேசாமலே இருந்துவிட்டேன்.

நான் காயல்பட்டினத்துக்காரி. எங்கள் ஊரில் பெண்கள் போய்வருவதற்கென்றே வீடுகளுக்கு இடையில் முடுக்குகள் உண்டு. துப்பட்டி போர்த்தாமல் உம்மா வாசலைத் தாண்டிப் பார்த்ததில்லை. ஆகவே மறைப்பதும் ஒதுங்கி நடப்பதும் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் அதே ஊரில் வீடு பெண்ணுக்கு; திருமணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். வீட்டில் யார் எங்கே தங்குவது, எதை விற்பது, எவ்வளவு செலவழிப்பது என்பதெல்லாம் உம்மா, உம்மாவின் உம்மா வழியாகத்தான் முடிவாகும். துப்பட்டியையும் சாவிக்கொத்தையும் சேர்த்தே பார்த்து வளர்ந்தவள் நான். ரியாத்தில் முதலாவது மட்டும் இருந்தது.

மருத்துவமனைக்குள் நான் மருத்துவர். அந்நாட்டில் அப்போது ஆணும் பெண்ணும் ஒரே அறையில் வேலை செய்த இடங்களே குறைவு. மருத்துவமனை அவற்றுள் ஒன்று. அறுவை அரங்கில் நான் "நிறுத்துங்கள்" என்றால், மூத்த அறுவை மருத்துவரும் கத்தியைக் கீழே வைக்க வேண்டும். பணி முடிந்து அபாயாவைப் போட்டுக்கொண்டு வாயிலைத் தாண்டிய பிறகு, மருத்துவமனைப் பேருந்து வரும்வரை நிற்பதைத் தவிர எனக்கு வேறு அதிகாரம் கிடையாது. கார் ஓட்ட முடியாது. 2008 தொடக்கம் வரை, தகப்பன், கணவன் போன்ற ஆண் காப்பாளரின் கடிதம் இல்லாமல் ஒரு பெண் விடுதியில் அறை எடுக்கவும் முடியாது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2006-இல் ஒரு நள்ளிரவு, பிரசவ வேதனையில் இருந்த பெண்ணுக்கு வயிற்றிலிருந்த குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஓர் ஆசிரியை, வயது 34. நிலைமையை அரபு மொழியில் சொன்னதும் ஒரே வாக்கியத்தில் சம்மதித்தார். ஆனால் கையெழுத்துக்குக் கணவரைத் தேடினார்கள். அவர் தம்மாமில் இருந்தார், கிட்டத்தட்ட நானூறு கிலோமீட்டர் தொலைவில். அறிவு தெளிந்த, வயது வந்த பெண் தன் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம் என்பதுதான் சுகாதார அமைச்சகத்தின் நிலைப்பாடு. இருந்தும் பல மருத்துவமனைகள் தங்கள் உள்விதி என்று சொல்லி ஆண் காப்பாளரின் கையெழுத்தைக் கேட்டுவந்தன. தொலைநகல் வந்துசேர நாற்பது நிமிடமாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், குழந்தை அழுதது. முதுகில் ஊசி போடும்போது அந்த ஆசிரியை என்னிடம், "டாக்டர், உங்கள் நாட்டிலும் இப்படித்தானா?" என்று கேட்டார். நான் "இல்லை" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அது இன்றுவரை உறுத்துகிறது.

அங்கே வாழ்ந்தவர்கள் உண்மையை எழுதுங்கள். அவளுக்கு இந்த இழையை அப்படியே அனுப்பப் போகிறேன்.

ஜுபைல் வாசி எழுதியது:

வ அலைக்குமுஸ்ஸலாம். டாக்டரம்மா, நான் ஜுபைலில் 22 ஆண்டுகளாகப் பொறியாளர். உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் சில கேள்விகள் உள்ளன.

வேலைக்குப் போகும் முன் நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர்கள். பெண்கள் கார் ஓட்டக் கூடாது என்பதும், கஃபீல் (வேலைக்கு வரவழைத்துப் பொறுப்பேற்கும் முதலாளி) இல்லாமல் எதுவும் நடக்காது என்பதும் அன்றைக்கு உலகமே அறிந்த செய்திகள். ஒரு நாட்டின் சோற்றைத் தின்றுவிட்டு அதன் சட்டத்தைக் குறை சொல்வது எந்த அளவுக்கு நியாயம்? தமிழ்நாட்டில் இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் பேருந்து நிலையத்தில் நின்றால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. என் குடும்பம் இங்கே ஒருநாளும் ஒரு கேலிச் சொல்லைக் கேட்டதில்லை. முத்தவாக்கள் என்ற மதக் காவலர்கள் எங்களையும் விட்டுவைத்தார்களா? தொழுகை நேரத்தில் கடை வாசலில் நின்றதற்காக என்னையே வண்டியில் ஏற்றிப் பள்ளிவாசலில் இறக்கியிருக்கிறார்கள். சிரமம் எல்லோருக்கும் இருந்தது. பெண்ணுக்கு மட்டும் என்று சொல்வது சரியாகப் படவில்லை.

வெள்ளைத் தொப்பி எழுதியது:

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி, கிறிஸ்தவள். 1994 முதல் 2003 வரை ரியாத்தில் செவிலியாக இருந்தேன். அப்போது முஸ்லிம்களுக்குப் பச்சை நிறத்திலும் மற்றவர்களுக்குப் பழுப்பு நிறத்திலும் இகாமா என்ற தங்கும் அனுமதிப் புத்தகம் தருவார்கள். என் பழுப்புப் புத்தகத்தைப் பற்றிப் புலம்ப எனக்கு ஏராளம் உண்டு: எங்களுக்கு வழிபாட்டு இடம் கிடையாது, கிறிஸ்துமஸ் இரவில் விடுதி அறையின் திரையை இழுத்துவிட்டு, பாட்டை மூச்சுக்குள் பாடுவோம். ஆனால் டாக்டர் சொல்வதைப் படித்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

வாரம் ஒருமுறை மருத்துவமனைப் பேருந்து எங்களைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகும். மூன்று மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். கையில் பிரம்போடு முத்தவா வந்தால், தலைத்துணி நழுவிய என்னைப் பார்த்து ஒரு சத்தம் போடுவார். நான் இழுத்துவிட்டுக்கொண்டால் போய்விடுவார். என்னோடு வந்த முஸ்லிம் தோழியிடம் அப்படிப் போகமாட்டார். "நீ முஸ்லிமா?" என்று கேட்பார், அவள் ஆம் என்றதும் அங்கேயே நிறுத்திப் பத்து நிமிடம் பாடம் எடுப்பார். முகத்தை மறைக்காதது ஏன், தனியாக வந்தது ஏன், தகப்பன் எங்கே, கணவன் எங்கே என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். அவர் கண்ணில் நான் எப்படியும் வெளியாள். என்னைத் திருத்துவதில் அவருக்கு அக்கறை இல்லை. அவளைத் திருத்துவது தம் கடமை என்று நம்பினார். பேருந்தில் திரும்பும்போது அவள் சன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவாள். பச்சைப் புத்தகம் கையில் இருப்பவளுக்கு என்ன குறை என்று நானும் அப்போது நினைத்திருக்கிறேன்.

துப்பட்டி எழுதியது:

சகோதரி வெள்ளைத் தொப்பி, உங்கள் தோழிக்கு நடந்தது எனக்கும் நடந்தது. நான் சொல்லத் தயங்கியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

முத்தவாக்கள் பெண்களைப் பார்த்துச் சொல்வது "கத்தி வஜ்ஹிக்", அதாவது முகத்தை மூடு என்பது. முதல் தடவை ரியாத்தின் ஒலையா பகுதியில் ஒரு கடை வாசலில் அந்தச் சொல்லைக் கேட்டபோது, தமிழ்க் காதுக்கு அது கத்தியாகவே விழுந்து நான் உண்மையிலேயே பின்னால் நகர்ந்தேன். (இப்போது சிரிக்கிறேன்.) அதற்கு இரண்டு வாரம் முன்புதான் எங்கள் மருத்துவமனைப் பெண்கள் குழுவோடு மக்காவில் உம்ரா முடித்துவிட்டு வந்திருந்தேன். உம்ராவுக்கான இஹ்ராம் நிலையில் பெண் நிகாப் என்ற முகத்திரையை அணியக் கூடாது என்பது எல்லா மத்ஹபுகளும் (மார்க்கச் சட்டப் பிரிவுகளும்) ஒப்புக்கொண்ட சட்டம். கஅபாவின் முன்னால், பல்லாயிரம் ஆண்களும் பெண்களும் சேர்ந்து சுற்றிவருகிற இடத்தில், முகத்தைத் திறந்து வைத்திருக்கச் சொன்ன மார்க்கம், வெங்காயம் வாங்கப் போகும் இடத்தில் அதே முகத்தை மூடச் சொல்கிறது என்றால், அது மார்க்கத்தின் குரலா, ரியாத் இருக்கும் நஜ்து நாட்டுப் பழக்கத்தின் குரலா? இதைக் கேட்க எனக்கு உரிமை இருந்தது. கேட்கும் அளவுக்கு அரபும் தெரிந்திருந்தது. கேட்கவில்லை. தலையைக் குனிந்து துணியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஜுபைல் அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது உண்மை, சம்பளம் வாங்கியதும் உண்மை. ஒரு வீட்டுக் கடனும் தம்பியின் படிப்பும் அந்தப் பணத்தில்தான் முடிந்தன. ஆகவே நன்றி இல்லாமல் பேசுவதாக எண்ண வேண்டாம்.

2007-இல் ஒரு புதன்கிழமை இரவு வாப்பா மௌத்தாகிவிட்டார்கள். அன்றைக்கு அங்கே வார விடுமுறை வியாழனும் வெள்ளியும். அதை வெள்ளி, சனியாக மாற்றியது 2013-இல்தான். என் கடவுச்சீட்டு நிர்வாக அலுவலகத்தின் அலமாரியில் இருந்தது. நாட்டை விட்டுப் போய்த் திரும்புவதற்கான எக்சிட் ரீஎன்ட்ரி தாளில் கையெழுத்திட வேண்டியவர் சனிக்கிழமை காலையில்தான் வருவார். ஜனாஸாவுக்குப் போய்ச்சேர முடியாது என்பதை நான் முதலிலேயே ஏற்றுக்கொண்டேன். நம் வழக்கத்தில் அடக்கம் யாருக்காகவும் காத்திராது. மூன்றாம் நாள் வாப்பாவுக்காக ஓதும் பாத்திஹாவுக்காவது உம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று இரண்டு நாளும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கெஞ்சினேன். யாரும் கடுமையாகப் பேசவில்லை. எல்லோரும் அன்பாகவே "சனிக்கிழமை, இன்ஷா அல்லாஹ்" என்றார்கள். ஞாயிறு இரவு வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்து விரிப்புகளைச் சுருட்டியிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, உடன் பணிபுரிந்த ஒரு மருத்துவர் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார். நல்ல பெண்மணி, சமைத்துக் கொண்டுவந்தார். மூன்றாம் நாளுக்குள் போக வேண்டும் என்று நான் அழுதபோது, "சகோதரி, மூன்றாம் நாள் ஓதுவதெல்லாம் பித்அத், மார்க்கத்தில் அப்படி ஒன்று இல்லை, அதற்காக நீ துயரப்படத் தேவையில்லை" என்றார். என்னைத் தேற்றுவதற்காகவே அதைச் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. மௌலிது ஓதி வளர்ந்தவள் நான். தர்காவுக்கு ஊதுபத்தி கொண்டுபோன பிள்ளை. என் வாப்பாவுக்கு ஓதுகிற உரிமையைக்கூட, என்னைப் போலவே ஐந்து வேளை தொழுகிற ஒருத்தி, கையில் சோற்றுத் தட்டோடு, அன்பாக எடுத்துவிட்டார். ஓர் அமெரிக்கரோ பிலிப்பைன்ஸ்காரரோ அங்கே இதை இழக்கமாட்டார். அவர்களுடைய வீடு வேறு, அந்த நாடு வேறு. எனக்கு அந்த நாடுதான் கிப்லா, தொழும்போது முகம் திருப்பும் திசை. அங்கிருந்து "உன்னுடையது மார்க்கமே இல்லை" என்று சொன்னால் நான் எந்தப் பக்கம் திரும்புவது?

முத்தவா உங்களையும் வண்டியில் ஏற்றினார் என்பதை நம்புகிறேன், அண்ணன். உங்களைப் பள்ளிவாசலில் இறக்கிவிட்டார். அதன் பிறகு நீங்கள் உங்கள் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள்.

மொன்றியல் தகப்பன் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கட்டுப்பாடு என்றதும் எல்லோரும் அரபு நாட்டையே நினைக்கிறோம். கியூபெக்கில் 2019 ஜூனில் வந்த சட்டத்தின்படி, அரசுப் பள்ளியில் புதிதாகச் சேரும் ஆசிரியர் பணிநேரத்தில் தலைத்துணி உள்ளிட்ட மதச் சின்னம் எதையும் அணியக் கூடாது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள், அதே பதவியில் இருக்கும்வரை அணியலாம். என் மகள் தலைத்துணியோடு கற்பிக்கிற ஆசிரியை. துணை முதல்வராகும் வாய்ப்பு வந்தபோது, பதவி மாறினால் துணியைக் கழற்ற வேண்டும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டாள். அவளுக்கு அங்கே காரும் உண்டு, வாக்குச்சீட்டும் உண்டு, வழக்குப் போட நீதிமன்றமும் உண்டு. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் தலையை முன்வைத்தே அரசுகள் தங்களை நிரூபிக்கப் பார்க்கின்றன என்பது மட்டும் இரண்டு இடத்திலும் கண்ணில் படுகிறது.

ஒலையாவின் மகள் எழுதியது:

துப்பட்டி லாத்தா (அக்கா), நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் சிறிது நேரம் வேலை ஓடவில்லை. நான் தூத்துக்குடியில் பிறந்து ரியாத்தில் வளர்ந்தவள். இந்தியாவில் பட்டயக் கணக்காளர் படிப்பை முடித்துவிட்டு 2020 முதல் மீண்டும் இங்கேதான் வேலை செய்கிறேன். உங்கள் தங்கை மகளுக்காக இன்றைய நிலையைச் சொல்லலாம் என்று வந்தேன். முதலில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும்.

இந்த இழையில் இதுவரை சவூதிப் பெண்கள் படுக்கையில் கிடக்கும் நோயாளியாகவும், ஆறுதல் சொல்ல வந்தவராகவும் மட்டுமே வந்திருக்கிறார்கள். 1990 நவம்பர் 6 அன்று இதே நகரத்தில் 47 பெண்கள் கார்களை ஓட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். அவர்களுள் கல்வியாளர்கள் இருந்தார்கள், பலர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள், பள்ளிவாசல் மேடைகளில் வசைபாடப்பட்டார்கள். 2002 மார்ச்சில் மக்காவில் ஒரு பெண்கள் பள்ளியில் தீப்பிடித்து 15 மாணவிகள் இறந்தபோது, அபாயா இல்லாமல் வெளியே ஓடிவந்த பிள்ளைகளை முத்தவாக்கள் தடுத்ததாக இங்குள்ள பத்திரிகைகளே எழுதின. மரணங்களுக்கு அது காரணமில்லை என்று அரசு விசாரணை சொன்னது. ஆனால் அதன் பிறகு பெண் கல்வி மதத் துறையின் கையிலிருந்து கல்வி அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டது. எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீட்டில் அந்த வாரம் யாரும் உரக்கப் பேசவில்லை.

மாற்றங்கள் மேலிருந்தே வந்தன என்பதும் உண்மை. 2016 ஏப்ரலில் முத்தவாக்களின் கைது செய்யும் அதிகாரம் பறிக்கப்பட்டது. 2018 ஜூன் 24 முதல் பெண்கள் கார் ஓட்டுகிறார்கள். 2019 ஆகஸ்டிலிருந்து 21 வயது நிரம்பிய சவூதிப் பெண் காப்பாளரின் அனுமதியின்றிக் கடவுச்சீட்டு எடுத்துப் பயணம் செய்யலாம். அதே ஆண்டு டிசம்பரில், உணவகங்களுக்கு ஆண்களுக்கொரு வாசல், குடும்பத்துக்கொரு வாசல் என்ற கட்டாயம் நீங்கியது. லாத்தா, உங்களுக்கு நேர்ந்ததற்கு நேரடியாகத் தொடர்புடையது இது: 2021 மார்ச் 14 முதல், தனியார் துறையில் பணிபுரியும் வெளிநாட்டவர் முதலாளியின் கையெழுத்தை எதிர்பார்க்காமல் அப்ஷர் என்ற அரசு இணையத்தளம் வழியாகத் தாமே எக்சிட் ரீஎன்ட்ரி எடுக்க வழி செய்யப்பட்டது. வீட்டு வேலைக்கு வந்தவர்களை இந்தச் சீர்திருத்தம் சேர்த்துக்கொள்ளவில்லை. இலங்கையிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் வந்திருக்கிற எத்தனையோ பெண்கள் உங்களுடைய 2007-லேயே இன்னும் இருக்கிறார்கள்.

இன்று நான் சாம்பல் நிற அபாயாவில், சில நாள் நீளமான மேற்சட்டையில், அலுவலகம் போகிறேன். யாரும் கத்தியைக் காட்டுவதில்லை! ஆனால் ஒன்று: கார் ஓட்டும் உரிமை கேட்டுப் போராடிய லூஜைன் அல்ஹத்லூல் உள்ளிட்ட பெண்கள், அந்த உரிமை வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2018 மே மாதத்தில் கைதானார்கள். லூஜைன் 2021 பிப்ரவரியில் வெளியே வந்தார், பயணத் தடையோடு. கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கேட்கக் கூடாது. உங்கள் தங்கை மகள் இங்கே மகிழ்ச்சியாக இருப்பாள் என்றே நினைக்கிறேன். சமூக ஊடகத்தில் என்ன எழுதுகிறாள் என்பதில் மட்டும் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். என்னுடைய இந்தப் பதிவையே நான் மூன்று முறை திருத்திவிட்டுத்தான் இடுகிறேன்.

ஜுபைல் வாசி எழுதியது:

டாக்டரம்மா, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு என் மனைவியிடம் இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன். அவர் பி.எட். முடித்தவர், பதினோரு ஆண்டுகள் என்னோடு இங்கே இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக ஊருக்குப் போனவர், இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறார். "உனக்கும் இங்கே இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்டேன். "நீங்கள் பணியிலிருந்து வரும் ஐந்தரை மணி வரைக்கும் எத்தனை கார் நம் கட்டடத்துக்குள் நுழையும் என்று எனக்குத் தெரியும், எண்ணிக்கொண்டிருப்பேன்" என்றார். அதைப் புகாராகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். பதினோரு ஆண்டுகளில் நான் கேட்டதில்லை.

என் குடும்பம் கேலிச் சொல் கேட்டதில்லை என்று எழுதியிருந்தேன். வெளியே போனால்தானே கேட்பதற்கு, என்றும் சொன்னார். மற்றபடி சட்டம் பற்றி நான் சொன்னதில் இன்னமும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

துப்பட்டி எழுதியது:

அண்ணன், மதினிக்கு என் சலாம் சொல்லுங்கள்.

இழை முழுவதையும் அவளுக்கு அனுப்பிவிட்டேன். நேற்று இரவு தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினாள். நான் எதிர்பார்த்த கேள்விகள் எதையும் கேட்கவில்லை. "அந்த ஆசிரியையின் குழந்தை ஆணா, பெண்ணா?" என்று கேட்டாள். பெண். இப்போது ஏறக்குறைய கல்லூரிப் படிப்பை நெருங்கியோ முடித்தோ இருப்பாள். ஒருவேளை கார்கூட ஓட்டலாம்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. அங்கே கற்ற மருத்துவத்தை வேறெங்கும் கற்றிருக்க மாட்டேன். என் கைகளுக்கு வந்த நிதானம் அந்த அரங்குகளில் வந்தது. கடவுச்சீட்டை யாரிடமும் கொடுக்காதே, ஒப்பந்தத்தின் அரபுப் பிரதியைத் தெரிந்தவரை வைத்துப் படிக்கச் செய், மருத்துவமனை விடுதியில் தங்கினால் போய்வரும் நேரத்துக்குக் கட்டுப்பாடு உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கு என்று மட்டும் சொன்னேன். யாராவது உன் தொழுகையையோ ஓதலையோ திருத்த வந்தால், நம் ஊர் ஆலிம்களும் கிதாபு ஓதியவர்கள்தாம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார் என்றும் சொன்னேன். நான் சொல்லாமல் விட்டது அது.

அவள் புறப்பட இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நாளைக் காலை திருச்செந்தூரில் அவளுக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு. கூட வரச் சொல்லியிருக்கிறாள். பின் இருக்கையில் நான் உட்கார்ந்து போகப் போகிறேன்.